தேர்தல் இல்லாமல் குலுக்கிப் போட்டு வரும் மக்கள் பிரதிநிதி: ஒரு கலைச்சொல் வேண்டும்

அனுப்புநர்: ச., மதுரை

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சிற்றிதழுக்காக அயர்லாந்தின் குடிமக்கள் அவையைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளாக ஒரே பத்தியில் உட்கார்ந்திருக்கிறேன். காரணம் 'சார்ட்டிஷன்' என்ற ஒற்றைச் சொல். வாக்கெடுப்பு இல்லாமல், யாரும் நியமிக்காமல், பெயர்களைக் குலுக்கிப் போட்டுப் பொதுப் பொறுப்புக்கு ஆள் எடுக்கும் முறைக்கு அந்தப் பெயர்.

சொல் எந்த இடத்தில் உட்காரப்போகிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் வசதி. 2016-இல் அயர்லாந்து அரசு 99 பேரைக் கூட்டியது. அவர்களில் ஒருவரும் வேட்புமனு போட்டவர் இல்லை. வயது, பால், வட்டாரம், சமூக நிலை ஆகியவற்றில் நாட்டின் சாயல் வரும்படி குலுக்கி எடுக்கப்பட்டவர்கள். தலைமைக்கு மட்டும் உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய் நியமிக்கப்பட்டார். 1983 முதல் அரசமைப்பில் இருந்த கருக்கலைப்புத் தடையை என்ன செய்வது என்பதுதான் முதல் கேள்வி. கட்சிக்காரர்கள் கைவைத்தால் சுடும் என்று ஒதுங்கிய விஷயம். இவர்கள் ஐந்து வார இறுதிகள் ஒரு ஓட்டலில் வட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் இரு தரப்பு இயக்கத்தாரையும் கேட்டார்கள். 2017 ஏப்ரலில் வாக்களித்தபோது, காரணம் கேட்காமலேயே கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றவர்கள் 64 சதவீதம். வெளியில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அடுத்த ஆண்டு மே 25-இல் நாடே பொதுவாக்கெடுப்புக்குப் போனபோது தடையை நீக்கச் சொன்னவர்கள் 66.4 சதவீதம். கட்டுரையாளர் இதை வைத்துக்கொண்டு, தேர்தலில் வந்தவர்களைவிடக் குலுக்கலில் வந்தவர்களே குடிமக்களுக்கு நெருக்கமானவர்கள் என்று வாதிடுகிறார். அது சரியா என்பது வேறு. எனக்கு இப்போது சொல் வேண்டும்.

'குலுக்கல் முறை' என்று எழுதி அனுப்பினேன். "தீபாவளிக்கு நகைக்கடையில் கார் விழுகிற மாதிரி இருக்கிறது" என்று இதழாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். 'லாட்டரி' வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் அது 2003-இல் தடைசெய்யப்பட்டது, அந்தச் சொல்லைக் கேட்டாலே கடனும் குடி கெட்ட கதையும்தான் நினைவுக்கு வரும். 'சமவாய்ப்புத் தேர்வு' என்று பாடநூல் வழியில் போட்டுப் பார்த்தேன். என் அம்மா படித்துவிட்டு, "இது எந்த வேலைக்கான பரீட்சை?" என்று கேட்டார்.

மூன்று இடங்களில் சொல் வேண்டும்: அந்தச் செயலுக்கு, அதில் வந்த ஆளுக்கு, அவர்கள் கூடும் அவைக்கு. மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தால் நல்லது.

அனுப்புநர்: ர., கோவை

சகோதரி, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? 'குடவோலை'. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். 'குடவோலை முறை', 'குடவோலை உறுப்பினர்', 'குடவோலை அவை'. மூன்றும் ஒரே வேர். முடிந்தது.

அனுப்புநர்: வே., காஞ்சிபுரம்

ச. அம்மாவுக்கு வணக்கம். ர. தம்பியின் ஆர்வம் எனக்கும் உண்டு. நான் தமிழாசிரியனாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களை உத்திரமேரூருக்கு அழைத்துப் போவேன். அதனால்தான் இந்தச் சொல்லில் எனக்குத் தயக்கம். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டுகள் இரண்டு. முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகள், அதாவது 919, 921. முதல் ஏற்பாட்டில் என்ன ஓட்டை கண்டார்களோ, இரண்டே ஆண்டில் விதிகளைத் திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். இரண்டாவதில் நடைமுறையை அவர்கள் சொல்லும் அழகைப் பாருங்கள். ஊர் முப்பது குடும்புகள், இன்றைய வழக்கில் வார்டுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, ஒரே கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று சொல்லும் வாயோலையை மேலே பூட்டி, முப்பது கட்டுகளையும் குடத்தில் இடுகிறார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க வேண்டும். ஊரிலிருக்கும் பூசகர்கள் ஒருவர் விடாமல் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோரும் காணும்படி நிற்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அதே சிறுவன் எடுத்து மத்தியஸ்தனிடம் தருகிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா? அவன் படித்த பிறகு மண்டபத்தில் உள்ள பூசகர்களும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். இப்படி முப்பது பேர். அவர்களைச் சம்வத்ஸர வாரியம் (ஆண்டு வாரியம்), தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரித்துக்கொள்கிறார்கள். 360 நாள் பதவி.

உள்ளங்கையை விரிக்கச் சொன்ன அந்த ஒரு வரிக்காகவே அந்தச் சபைக்கு ஒரு கும்பிடு போடலாம். வெனிஸ் நகரத்தார் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268-இல் வகுத்த முறையிலும், குலுக்கலும் வாக்குமாக மாறி மாறிப் பல சுற்றுகள் வைத்து, பந்தை எடுக்க ஒரு சிறுவனைத்தான் நிறுத்தினார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்கள் ஒரே வேலைக்குக் குழந்தையின் கையை நம்பியிருக்கின்றன.

இப்போது என் தயக்கம். குடத்துக்குள் யாருடைய பெயர் போனது? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் (வேலி என்பது பழைய நில அளவு). சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள். வேதம் ஓதியிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும், அதாவது விளக்கவுரையும், அறிந்தவனாக இருக்க வேண்டும். ஊரே பிராமணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அங்கே ஏர் ஓட்டியவன் பெயர் குடத்தின் பக்கமே போகவில்லை. பெண்ணின் பெயரைப் பற்றிப் பேச்சே இல்லை. அயர்லாந்தின் 99 பேரில் கடை வேலைக்காரரும் இல்லத்தரசியும் உட்கார்ந்தார்கள் என்றால், அதே சொல்லை இதற்கும் அதற்கும் வைப்பது எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. பள்ளியிலும் மேடையிலும் குடவோலையை 'உலகின் முதல் தேர்தல்' என்று சொல்லிச் சொல்லி, கேட்பவர் காதில் அது வாக்குச்சீட்டாகவே பதிந்துவிட்டது. கல்வெட்டைக் காட்டி அரைமணி நேரம் விளக்கிய பிறகும் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, அதிக ஓட்டு வாங்கியவர் யார்?" அங்கே ஓட்டே இல்லை அம்மா என்றேன். அவள் முகத்தில் ஏமாற்றம். ச. அம்மா எழுதப்போகும் கட்டுரை வாக்குக்கு மாற்றான ஒன்றைப் பற்றியது. அதற்கு 'குடவோலை' என்று பெயர் வைத்தால் பாதி வாசகர் அதைத் தேர்தல் என்றே படிப்பார்கள்.

அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் கயிறு பிணித்த குழிசியிலிருந்து, அதாவது பானையிலிருந்து, பொறியை (முத்திரையை)ப் பார்த்து உடைத்து ஓலை எடுக்கும் ஆவண மாக்கள் வருகிறார்கள். போர்க்களத்தில் விழுந்தவனின் குடலை இழுக்கும் கழுகுக்கு அவர்கள் உவமை. அதுவும் குடவோலைதான் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். எனக்கு அது வெறும் ஆவணப் பானையாகவும் இருக்கலாம் என்றே படுகிறது. எதுவானாலும், பொதுப் பொறுப்பையும் கழுகையும் சேர்த்து நினைத்த புலவனுக்கு ஏதோ அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

அனுப்புநர்: த., யாழ்ப்பாணம்

வே. ஐயா, நல்ல விளக்கம், நன்றி. எங்கள் பக்கத்தில் இதற்கு நாளாந்தப் புழக்கத்திலேயே ஒரு சொல் இருக்கிறது. பிரதேச சபையில் தவிசாளர், அதாவது தலைவர், பதவிக்கு இருவர் சமமான வாக்குகள் பெற்றால், இரண்டு பெயரையும் கடதாசியில் எழுதி மடித்துப் போட்டு அலுவலர் ஒன்றை எடுப்பார். மறுநாள் பத்திரிகையில் 'திருவுளச்சீட்டு மூலம் தவிசாளர் தெரிவு' என்று வரும். வாசிக்கும் எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

தமிழ்நாட்டிலும் கோயிலில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் ச. தங்கச்சியின் கட்டுரைக்கு அதை அப்படியே தரத் தயக்கமாக இருக்கிறது. 'திருவுளம்' என்றால் இறைவனின் விருப்பம். அயர்லாந்து அவை தேவாலயம் சொன்னதற்கு எதிர்ப்பக்கம் போய் முடிவெடுத்தது. அதன் உறுப்பினர்களைத் திருவுளத்தால் வந்தவர்கள் என்று எழுதினால் இரு தரப்பும் கோபித்துக்கொள்ளும்.

திருவுளத்தை விட்டுவிட்டுச் 'சீட்டுத்தெரிவு' என்று வைக்கலாமே? தமிழ் விவிலியத்தில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவை எடுக்கிறபோதும் சீட்டுத்தான் போடுகிறார்கள். புள்ளிவிபரவியலில் நாங்கள் 'எழுமாறு' என்போம், நீங்கள் 'சமவாய்ப்பு' என்பீர்கள். அது எண்களுக்குப் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது.

அனுப்புநர்: ச., மதுரை

த. அண்ணா, 'சீட்டு' எனக்கும் முதலில் தோன்றியது. இங்கே அந்தச் சொல் படும் பாட்டைப் பாருங்கள். மாதாமாதம் கட்டுவது ஏலச்சீட்டு, விளையாடினால் பொழுதுபோக்கு அல்லது சூதாட்டம், வேலை போனால் சீட்டு கிழிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தேர்தல் நெருங்கினால் "அவருக்குச் சீட்டு கிடைத்துவிட்டது" என்றால் கட்சி அவரை வேட்பாளர் ஆக்கிவிட்டது என்று பொருள். 'சீட்டு உறுப்பினர்' என்று நான் எழுதினால், தலைமைக்குப் பெட்டி கொடுத்து இடம் வாங்கியவர் என்று படிப்பார்கள். நான் சொல்ல வருவதற்கு நேர் எதிர்.

அனுப்புநர்: த., யாழ்ப்பாணம்

நாங்கள் அதற்கு 'ஆசனம்' என்போம். ஆகவே இந்த ஆபத்து எங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் வாசகர் எங்கள் வாசகரைவிட அதிகம். விட்டுக்கொடுக்கிறேன்.

அனுப்புநர்: ந., சிங்கப்பூர்

குறுக்கே ஒரு சிறு எச்சரிக்கை. தேர்தலில் வராதவர் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள். எங்கள் நாடாளுமன்றத்தில் 1990 முதல் 'நியமன நாடாளுமன்ற உறுப்பினர்' உண்டு, ஒன்பது பேர் வரை. அதற்கும் முன்பே, 1984 முதல், தோற்றாலும் அதிக வாக்குப் பெற்ற எதிர்க்கட்சியினருக்காகத் 'தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர்' என்ற ஏற்பாடு வந்தது. தமிழ்ச் செய்திகளில் இரண்டு சொற்களும் நன்றாகப் பழகிவிட்டன. உங்கள் மாநிலங்களவையிலும் குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேர் இருக்கிறார்கள். பிரிட்டனின் பிரபுக்கள் அவையில் பிறப்பால் வந்தவர்களே 1999 வரை நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். இவர்கள் எல்லோரையும் யாரோ ஒருவர் கைகாட்டியிருக்கிறார், அல்லது பரம்பரை காட்டியிருக்கிறது. குலுக்கலில் வந்தவருக்குக் கைகாட்டியவரே இல்லை. சொல் அந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும்.

அனுப்புநர்: கோ., தஞ்சாவூர் மாவட்டம்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பது ஆண்டு குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். சொல்லுக்கு முன் பொருளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

ஒரு கோடையில் நடந்தது. காலை ஆறு மணி. வார்டு உறுப்பினர் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். வாசலில் ஒரு பெண், இடுப்பில் காலிக் குடம். பதினோரு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. அவர் சத்தம் போடவில்லை. குடத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, "அடுத்த முறையும் வாக்குக் கேட்டு இந்தத் தெருவுக்கு வருவாய் அல்லவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். குடம் அங்கேயே இருந்தது. உறுப்பினர் பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்தில் நின்றார். மூன்றாம் நாள் மோட்டார் மாற்றப்பட்டது. அந்தக் காலிக் குடத்துக்கு இருந்த அதிகாரம் நீங்கள் பேசும் ஓலைக் குடத்துக்கு உண்டா? குலுக்கலில் வந்தவர் மறுபடி வரப்போவதில்லை. யார் சட்டையைப் பிடிப்பது?

பிரான்சைப் பாருங்கள். 2019 அக்டோபரில் காலநிலைக்காக 150 பேரைக் குலுக்கி எடுத்து உட்கார வைத்தார்கள். சொல்வதை வடிகட்டாமல் கொண்டுபோவேன் என்றார் அதிபர் மக்ரோன். அவர்கள் 149 பரிந்துரைகள் தந்தார்கள். மூன்றை அவர் அப்போதே ஒதுக்கினார், மற்றவை சட்டமாவதற்குள் இளைத்துப் போயின. கடைசியில் அந்த உறுப்பினர்களே அரசின் செயலுக்கு மதிப்பெண் போட்டார்கள். பத்துக்கு நான்குகூடத் தரவில்லை. கோபித்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய முடிந்தது? வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். தேர்வு, தெரிவு, தேர்ந்தெடுப்பு எல்லாமே இந்த இடத்தில் பொய். தேர்தல் என்றால் ஆராய்ந்து கொள்வது. இங்கே யாரும் யாரையும் ஆராயவில்லை. சிறுவன் கையை விட்டான், ஒன்று வந்தது. எடுத்தான், அவ்வளவுதான். அரசுக் காகிதங்களில் நாங்கள் கணக்கெடுப்பு, வாக்கெடுப்பு என்று எழுதுவோம். அதே மாதிரி 'எடுப்பு' என்று முடியுங்கள். யாரோ தேர்ந்தெடுத்தார்கள் என்ற போலி மரியாதை அதற்குக் கிடைக்காமல் இருக்கும்.

அனுப்புநர்: ச., மதுரை

கோ. ஐயா, திட்டுவதற்குப் பதிலாக உங்கள் காலில் விழ வேண்டும். எதிர்த்து எழுத வந்து சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு வருவதற்கு முன் உங்கள் காலிக் குடத்துக்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

பழைய ஏதென்ஸில் இதே கேள்வி எழுந்தது. 500 பேர் கொண்ட அவையை ஆண்டுதோறும் குலுக்கி எடுத்தார்கள், ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் உட்காரக் கூடாது. வழக்கு மன்றங்களுக்கு ஆள் எடுக்கக் கல்லில் துளை வரிசைகள் செதுக்கிய ஒரு பொறியே வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பெயர்த் தகட்டைக் கொடுக்க, அவை துளைகளில் செருகப்படும். பக்கத்துக் குழாயில் வெள்ளையும் கறுப்புமாகப் பந்துகளைக் கொட்டுவார்கள். வெள்ளை விழுந்த வரிசை உள்ளே, கறுப்பு விழுந்த வரிசை வீட்டுக்கு. அந்தக் கல்லின் உடைந்த துண்டை இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆனால் படைத்தலைவர்கள் பத்துப் பேரை மட்டும் வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள். எதற்குக் குலுக்கலாம், எதற்குக் கூடாது என்ற விவரம் அவர்களுக்கு இருந்தது. பதவி முடிந்ததும் ஒவ்வொருவரும் கணக்குக் காட்டியாக வேண்டும், தவறினால் வழக்கு. மறுதேர்தல் பயம் இல்லாத இடத்தில் அந்தப் பயத்தை வைத்தார்கள். வே. ஐயா சொல்லாமல் விட்ட ஒன்று: உத்திரமேரூரிலும் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரும் அவன் உறவினர் பெயரும் ஓலையில் எழுதப்படாது. சட்டையைப் பிடிக்க வேறு வழியும் இருந்திருக்கிறது ஐயா. இன்றைய குடிமக்கள் அவைகளில் அது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுபக்கம், உங்கள் வார்டு உறுப்பினர் மோட்டாரை மாற்றியது அது ஒரு தெருவின் தண்ணீர் என்பதால். அதே உறுப்பினரிடம், பல ஆண்டுகள் கழித்துப் பலன் தருவதும் இன்று பாதி ஊரைக் கோபப்படுத்துவதுமான ஒரு முடிவைக் கேளுங்கள். வாக்கு பயமே அவரைக் கட்டிப்போடும். அயர்லாந்தில் குலுக்கல் வென்ற இடம் அதுதான். மறுபடி நிற்கப் போகாதவர்களால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

இதற்காகக் குலுக்கலில் வந்தவர் எப்போதும் மக்களின் நாடியைப் பிடித்துவிடுவார் என்று நான் எழுத மாட்டேன். அதே அயர்லாந்தில் பாலினச் சமத்துவத்துக்காகக் கூடிய அவையின் பரிந்துரைகளிலிருந்து பிறந்த இரண்டு அரசமைப்புத் திருத்தங்கள் 2024 மார்ச் 8-இல் மக்களிடம் போய், இரண்டும் பெரிய வித்தியாசத்தில் தோற்றன. அவை எழுதிய வாசகத்தை அரசு மாற்றிவிட்டது என்று ஒரு சமாதானம் உண்டு. பாதி உண்மை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 160 பேர் 2004 முழுதும் உட்கார்ந்து ஒரு புதிய வாக்கு முறையைப் பரிந்துரைத்தார்கள். மறு ஆண்டு வாக்கெடுப்பில் 57.7 சதவீதம் பேர் சரி என்றார்கள். 60 வேண்டும் என்பது விதி, செத்துவிட்டது. அந்த விதியை வைத்தவர்கள் தேர்தலில் வந்தவர்கள்.

இத்தாலியில் கட்டானியா பல்கலைக்கழகத்தார் சிலர் 2011-இல் கணினியில் ஒரு நாடாளுமன்றம் செய்து, இரண்டு கட்சிகளுக்கு நடுவே குலுக்கலில் வந்த உறுப்பினர்களைச் சேர்த்தால் அது நாட்டுக்குக் கூடுதலாக உழைக்கிறது என்று காட்டினார்கள். கட்டுரையாளர் அதைத் துருப்புச்சீட்டாக இறக்குகிறார். எனக்கு அது ஒட்டவில்லை. கணினிக்குள் இருக்கும் உறுப்பினருக்குத் தெரு இல்லை, திண்ணையில் குடம் வைக்க யாரும் இல்லை.

என்னை உண்மையில் உறுத்துவது வே. ஐயா கேட்ட கேள்விதான்: குடத்துக்குள் யாருடைய பெயர் போகிறது? நிலமும் வேதமும் கேட்காத காலத்திலும் அந்தக் கேள்வி போகவில்லை. இன்று குலுக்கல் இரண்டு கட்டமாக நடக்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு முதலில் கடிதம் போகும். வருகிறேன் என்று பதில் எழுதுபவர்கள் சிலர்தான், அவர்களுக்குள் மறுபடி குலுக்கல். வார இறுதியில் வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை உள்ளவர், இந்த மாதிரிக் காகிதம் நமக்கு எங்கே என்று மடித்து வைத்துவிடுபவர் எல்லோரும் வெளியே. அயர்லாந்தில் கடிதம்கூட இல்லை, ஒரு நிறுவனத்தின் ஆட்கள் கதவைத் தட்டிச் சேர்த்தார்கள். 2018-இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏழு பேரை, ஒரு பணியாளர் தனக்குத் தெரிந்தவர்கள் மூலம் தொலைபேசியிலேயே சேர்த்துவிட்டார் என்பது வெளியே வந்து நாறியது. உள்ளங்கையை விரித்துக் காட்ட அங்கே மத்தியஸ்தன் இல்லை.

அந்த இரண்டு கட்டத்தை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் சொல் விழுந்தது. வீட்டுக்கு வரும் கடிதம் ஓலை. குடத்திலிருந்து வரும் பெயரும் ஓலை. கோ. ஐயாவின் எடுப்பைச் சேர்த்தால்:

ஓலையெடுப்பு.

வாக்கெடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இந்த அவைக்கு உறுப்பினர் வருவது வாக்கெடுப்பிலா, ஓலையெடுப்பிலா?" என்று கேட்டால், முதல் முறை படிப்பவருக்கும் ஏதோ பிடிபடுகிறது. திருவுளம் இல்லை, பரிசுக் கார் இல்லை, கட்சிச் சீட்டு இல்லை. 'குடவோலை'யின் வாசனை மட்டும் இருக்கிறது, அதன் வேலி இல்லை. 'ஓலையெடுப்பு அவை', 'ஓலையெடுப்பில் வந்தவர்', 'ஓலையெடுத்து அமைத்த குழு' என்று எப்படி வளைத்தாலும் வளைகிறது. ந. சொன்ன நியமனமும் தனியே நின்றுவிடுகிறது.

அனுப்புநர்: ர., கோவை

என் குடத்தை உடைத்துவிட்டு ஓலையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள், சரி. ஆனால் இந்தக் காலத்தில் ஓலை ஏது? எல்லாம் கணினி. இளைஞர்கள் சிரிக்க மாட்டார்களா? என் மகளிடம் கேட்டேன், கூரை வேய்கிற வேலையா என்கிறாள்.

அனுப்புநர்: த., யாழ்ப்பாணம்

ர. அண்ணா, 'முறி' என்பதும் ஓலைதான். எங்கள் நாட்டில் மத்திய வங்கி விற்கும் அரசுக் கடன் பத்திரத்துக்குப் பெயர் 'பிணைமுறி', அதில் நடந்த மோசடிக்குப் பெயர் 'பிணைமுறி மோசடி'. கோடிக்கணக்கான பணம் கணினியில் போய் வருகிறது, சொல் மட்டும் ஓலையிலேயே இருக்கிறது. எவரும் சிரிக்கவில்லை, அழுதார்கள். ஓலையெடுப்புக்கு என் வாக்கு.

அனுப்புநர்: வே., காஞ்சிபுரம்

எனக்கும் சம்மதம். ஒரே ஒரு குறும்பு. எங்கள் பக்கம் "ஓலை வந்துவிட்டது" என்றால் எமனிடமிருந்து வந்ததாகவும் பொருள் உண்டு. வேலை வெட்டியை விட்டுவிட்டு ஐந்து வார இறுதிகள் ஓட்டலில் உட்காரச் சொல்லி அழைப்பு வந்தவருக்கு அந்தப் பொருளும் கொஞ்சம் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

புணர்ச்சியில் கவனமாக இருங்கள் அம்மா. 'ஓலை எடுப்பு' என்று பிரித்து அச்சிட்டால் ர. தம்பியின் மகள் சொன்ன கூரை வேலையாகத்தான் ஆகும். யகர உடம்படுமெய்யோடு ஒரே சொல்லாக வரட்டும்.

அனுப்புநர்: கோ., தஞ்சாவூர் மாவட்டம்

சொல் நன்றாக இருக்கிறது. முறையில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊர் கிராம சபையில் வருகைப் பதிவேடு ஆளுக்கு ஆள் கைமாறும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள் கையெழுத்திட்டுவிட்டு நிழல் தேடிப் போவார்கள். தீர்மானம் முன்பே எழுதி வைத்திருப்பார்கள். எல்லோரும் வரலாம் என்று சட்டம் சொல்லும் சபையிலேயே இதுதான் நிலை. ஓலையெடுத்து வந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசுவார்களா? அதற்காகவாவது ஒருமுறை செய்து பார்க்கலாம், ஒரு நாள் சம்பளமும் மதியச் சாப்பாடும் கொடுத்து. ஏரி தூர்வாருவது மாதிரி ஒரே ஒரு விஷயத்துக்கு. நான் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

அனுப்புநர்: ச., மதுரை

அனைவருக்கும் நன்றி. இன்று காலை இதழுக்கு அனுப்பிவிட்டேன். முதல் முறை சொல் வரும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வாக்கெடுப்பும் நியமனமும் இல்லாமல், தகுதியுள்ள எல்லோரின் பெயர்களிலிருந்தும் குலுக்கி உறுப்பினர்களை எடுப்பது ஓலையெடுப்பு." இதழாசிரியர் 'தகுதியுள்ள' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, "தகுதியை முடிவு செய்வது யார்?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அதற்கு விடையாக வே. ஐயாவின் கால் வேலிக் கணக்கையும் அந்த ஏழு பேரையும் ஒரு பத்தியாகச் சேர்க்கப்போகிறேன், ஐயா அனுமதித்தால்.

குழுவின் கலைச்சொல் பட்டியலில் 'குலுக்கல் தேர்வு' என்று இருந்த பதிவை நீக்கி 'ஓலையெடுப்பு' என்று மாற்றிவிட்டேன். 'குடவோலை' தனிப் பதிவாக, உத்திரமேரூர் முறைக்கு மட்டும் என்ற குறிப்போடு இருக்கிறது. த. அண்ணாவின் 'திருவுளச்சீட்டு' சம வாக்கு வந்தால் முடிவு செய்யும் குலுக்கலுக்கு. நம் ஊர்த் தேர்தல் சட்டத்திலும் சம வாக்கு என்றால் குலுக்கல்தான், சீட்டு விழுந்தவர் ஒரு வாக்குக் கூடுதலாகப் பெற்றதாகக் கொள்வார்கள். இங்குள்ள செய்தித்தாள்கள் 'திருவுளச்சீட்டு' என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால் நல்லது.

அவைக்கு 'குடிமக்கள் அவை'யா, 'குடிமக்கள் பேரவை'யா என்பது பாக்கி. பேரவை என்றால் இங்கே சட்டப்பேரவை நினைவுக்கு வருகிறது, அதனால் எனக்கு அவை போதும். மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மாலை பக்கம் அச்சுக்குப் போகிறது.